தீவுத்திடல் ராட்டினமும் முட்டுக்காடு ரோலர் கோஸ்டரும்

தண்டையார்பேட்டையில் வளர்ந்த எனக்கு முதல் ராட்டினம், தள்ளுவண்டியில் தெருவுக்கு வந்த நாலு மரக்குதிரை ராட்டினம்தான். வண்டிக்காரர் கையால் சுற்றிவிடுவார், சுற்று முடியும் நேரத்தில் நாங்கள் "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று கத்துவோம், அவரும் ஒன்று கூடுதலாகச் சுற்றிவிடுவார். அதற்கு அடுத்தது தீவுத்திடல் பொருட்காட்சி. ஜெயன்ட் வீல், கொலம்பஸ், மரணக்கிணறு, மிளகாய்ப்பொடி தூவிய தாம்பாளம் அளவு டெல்லி அப்பளம். வடசென்னைக் குடும்பங்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை வரும் திருவிழா அது.

நைனா துறைமுகத்தில் கிரேன் ஃபிட்டர். ஜெயன்ட் வீல் டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் அதை ஒரு சுற்று சுற்றி வந்து பார்ப்பார். பொருட்காட்சி ராட்டினங்களை ஊர் ஊராக லாரியில் ஏற்றி, இறக்கி, மறுபடி மாட்டுவார்கள். அதனால் இரும்பைவிட இணைப்புதான் முக்கியம் என்பார். ஒவ்வொரு மூட்டிலும் பின் இருக்கிறதா, அந்தப் பின் கழன்று விழாமல் குறுக்கே கம்பி போட்டு மடக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எங்களை ஏற்றுவார். ஒரு வருஷம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எங்களை அப்பளக் கடைக்குக் கூட்டிப்போனார். நானும் தங்கச்சியும் அழுதே தீர்த்தோம்.

பெரிய பார்க் எல்லாம் ஏன் நம்ம பக்கம் இல்லை என்று அப்போதே கேட்டிருக்கிறேன். 1970களில் வி.ஜி.பி. ஈஞ்சம்பாக்கத்தில் கோல்டன் பீச் தொடங்கியது. ரேடியோவும் கடிகாரமும் தவணையில் விற்றுப் பெயர் வாங்கிய அதே வி.ஜி.பி.தான், எங்கள் வீட்டு ரேடியோகூட அவர்களிடம் தவணையில் வாங்கியது. 90களில் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா வந்தது, இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படத்தை 1984இல் தயாரித்த நவோதயா அப்பச்சன் கட்டியது. அப்புறம் முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். டிஸ்ஸி வேர்ல்டு, செம்பரம்பாக்கத்தில் குயின்ஸ்லேண்டு. எல்லாமே தெற்கு அல்லது மேற்கு.

கடல் எங்களுக்கும்தான் இருந்தது. ஆனால் துறைமுகம் கட்டியதும் தெற்கிலிருந்து வடக்கே போகும் மணல் அங்கேயே தடுக்கப்பட்டது. மெரினா வருஷா வருஷம் அகலமாகிக்கொண்டே போக, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரையைக் கடல் தின்றது, மிச்சத்தைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். மணல் இல்லாத கரையில் கோல்டன் பீச் எங்கே வரும்? அதற்கு மேல் மணலியில் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் அனல்மின் நிலையம். ஊருக்கே வேண்டிய பெட்ரோலும் கரண்ட்டும் எங்கள் பக்கம், ரோலர் கோஸ்டர் அந்தப் பக்கம். இந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

2001 மே மாதம் துறைமுக நண்பர்கள் சேர்ந்து வேன் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு முட்டுக்காடு போனோம். எம்.ஜி.எம். என்றால் எம்.ஜி. முத்து. நம்ம துறைமுகத்தில் மூட்டை தூக்கிப் பிழைப்பைத் தொடங்கி, பிறகு லாரி, கப்பல் சரக்கு என்று வளர்ந்தவர். வேன் முழுக்க அவர் கதைதான். "நம்ம ஆள் கட்டுனதுடா" என்று நைனாவின் நண்பர் ஒருவர் வாசலிலேயே பெருமையாகச் சொன்னார்.

ரோலர் கோஸ்டரில் நைனா பக்கத்தில் உட்கார்ந்தேன். வண்டி மேலே ஏறும்போது டக் டக் டக் என்று சத்தம். பயத்தில் அவர் கையைப் பிடித்தேன். அவர் காதுக்கிட்ட வந்து, "இன்னாடா பயம், அது பல்லு. நம்ம சரக்கு தூக்குற வின்ச்சுலயும் இருக்கு. செயின் அறுந்தாலும் வண்டி பின்னால போகாது" என்றார். ஏற்றத்தில் தண்டவாளத்துக்கு நடுவே ரம்பம் மாதிரி பல் வரிசை இருக்கும், வண்டியின் அடியில் இருக்கும் கொக்கி ஒவ்வொரு பல்லாகத் தாண்டி விழும். அந்த விழுகிற சத்தம்தான் டக் டக். அந்தச் சத்தம் நின்ற இடத்தில், வண்டியை மேலே இழுத்து வந்த செயின் அதை விட்டுவிடுகிறது, அதற்கப்புறம் மோட்டார் கிடையாது, ஏறிய உயரம் மட்டும்தான் வண்டியை ஓட்டுகிறது. இது தெரிந்தபின் எனக்குப் பயம் போய் ஆசை வந்துவிட்டது, இருபத்தைந்து வருஷமாக அந்த ஆசை அப்படியே இருக்கிறது.

ரோலர் கோஸ்டர் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 1884இல் அமெரிக்காவின் கோனி ஐலண்டில் தாம்சன் என்பவர் தொடங்கிய முதல் வண்டி மணிக்கு பத்து கிலோமீட்டர் வேகம்தான், கட்டணம் ஐந்து சென்ட். ஒரு பக்கம் இறங்கி முடித்ததும் எல்லாரும் இறங்கிக்கொள்ள வேண்டும், ஆட்கள் வண்டியை அடுத்த மேட்டுக்குத் தள்ளிவிடுவார்கள். நம்ம மரக்குதிரை ராட்டினக்காரர் மாதிரியேதான். பிறகு ஜான் மில்லர் என்பவர் தண்டவாளத்துக்கு அடியிலும் சக்கரம் வைத்தார். மேலே, பக்கவாட்டில், அடியில் என்று மூன்று பக்கமும் பிடித்துக்கொண்டதால்தான் அவ்வளவு செங்குத்தாக இறக்க முடிந்தது. 1959இல் டிஸ்னிலேண்டில் தண்டவாளம் இரும்புக் குழாயாக மாறியது. 1992இல் ஸ்விட்சர்லாந்தின் போலிகர் அண்ட் மாபியார்ட், தண்டவாளத்துக்குக் கீழே தொங்கியபடி தலைகீழாகவும் சுற்றும் வண்டியைக் கொண்டுவந்தது. கால் அந்தரத்தில் ஆடும், சக்கரம் தலைக்கு மேலே.

அதே கம்பெனியின் தொங்கும் கோஸ்டர் இப்போது திருப்போரூர் பக்கம் வொண்டர்லா பார்க்கில் இருக்கிறது, பெயர் தஞ்சோரா. வரிப் பிரச்சினையில் பல வருஷம் இழுத்து 2025 டிசம்பரில் ஒருவழியாகத் திறந்தார்கள். இதுவும் தெற்குதான், எங்கள் வீட்டிலிருந்து போக அரை நாள். ஆனாலும் நைனாவைக் கூட்டிக்கொண்டு போனேன். இதய ஆபரேஷன் ஆனவர் என்பதால் அவர் ஏறவில்லை. கீழே வேலி ஓரமாக நின்று கண்ணுக்கு மேல் கை வைத்து, ஒவ்வொரு வண்டியும் போகும்போது மேலே சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் இறங்கி வந்ததும் முதல் கேள்வி, "ஏறும்போது பல்லு சத்தம் கேட்டுச்சா?"

சுற்றி எல்லாரும் கத்தியதில் நான் கவனிக்கவே இல்லை என்று சொன்னேன்.

"இன்னாடா நீ, அத்தத்தானே கேட்கணும்? போ, மறுபடி ஏறி கேட்டுட்டு வா" என்றார். செருப்பை அவரிடம் கொடுத்துவிட்டு மறுபடி வரிசையில் போய் நின்றேன்.