கிரானைட்டில் கண்ட மஞ்சள் ஒளி

லீவுக்கு ஊருக்கு வந்தால் முதல் நாள் மாலையே கருங்கல் பக்கம் இருக்கும் மாமாவின் வெல்டிங் பட்டறைக்குப் போய்விடுவேன். இருபத்தெட்டு நாள் கடலில் எண்ணெய்க் கிணறு துளையிடும் ரிக்கில் நின்றுவிட்டு வருகிறவனுக்கு அங்கேயும் இரும்புச் சத்தம்தான். ஆனாலும் அது ஊர்ச் சத்தம். குமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் எண்ணெய் தேடப் போகிறார்கள் என்று பேச்சு வந்து, கடலோர ஊர்களில் எதிர்ப்பு எழுந்த சமயம் அது. பட்டறையிலும் அதே பேச்சு. மாமா என்னைப் பிடித்துக்கொண்டார்.

“மீனும் பாசியும் செத்துதான் பெட்ரோலு ஆச்சுன்னு சொல்லுகாவ. நீயும் அதை நம்புகியா மக்கா?”

நம்புகிறேன் என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. வாசலில் நின்றவரிடம் பீடியை அணைக்கச் சொல்லிவிட்டு, மூலையில் இருந்த டின்னைத் திறந்து ஒரு துண்டு கார்பைடை எடுத்துத் தண்ணீர்ச் சட்டியில் போட்டார். புசுபுசுவென்று நுரைத்தது. வெள்ளைப்பூண்டு கெட்டது போன்ற அந்த வாடை பட்டறை முழுக்க ஏறியது.

“கல்லும் தண்ணியும் மட்டுந்தான். எரியுற கேஸு வருகு. இதுல எந்த மீன் செத்துச்சு?”

தட்டிக்கழிக்க முடியாத கேள்வி. 1877இல் மெண்டலீவ், தனிம அட்டவணை தந்த அதே மெண்டலீவ், கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார். பூமியின் ஆழத்தில் இரும்புக் கார்பைடு இருக்கிறது. விரிசல் வழியே இறங்கும் தண்ணீர் அதைத் தொட்டால் ஹைட்ரோகார்பன், அதாவது கரிமமும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள், உண்டாகும். அது ஆவியாக மேலேறிக் குளிர்ந்து எண்ணெயாகும் என்றார். 1951இல் சோவியத் நாட்டில் நிக்கோலாய் குத்ரியாவ்த்சேவ் இந்த எண்ணத்தைப் புதுப்பித்தார். அங்கே பல விஞ்ஞானிகள் அந்த வழியில் நடந்தார்கள். பாடப்புத்தகத்தில் நாம் ஒரே வரியில் படித்து முடித்த விஷயத்தைப் பெரிய பெரிய ஆட்கள் சந்தேகித்திருக்கிறார்கள்.

நானும் ஓர் இரவு முழுக்க அவர்கள் பக்கம் நின்றிருக்கிறேன்.

என் வேலை மட் லாகிங். துளையிடும்போது குழாய் வழியே உள்ளே போகும் சேறு, கீழே உடைந்த பாறைத்தூளை அள்ளிக்கொண்டு மேலே வரும். ஷேல் ஷேக்கரின் சல்லடையில் அந்தத் தூள் தங்கும். அதை எடுத்துக் கழுவி, தட்டில் பரப்பி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, பிறகு புற ஊதா விளக்குப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். எண்ணெய் பட்ட துகள் இருட்டில் ஒளிரும். கனமான எண்ணெய் பழுப்பாக, நடுத்தரம் தங்க மஞ்சளாக, லேசானது நீலவெள்ளையாக. அந்த ஒளிக்கு எங்கள் பாஷையில் ‘ஷோ’ என்று பெயர்.

வேலையில் சேர்ந்த புதிது. மேற்குக் கரைக்கு அப்பால் ஒரு கிணறு. படிவுப் பாறைகளை எல்லாம் தாண்டி அடிப்பாறைக்குள், கிரானைட்டுக்குள், இறங்கியிருந்தோம். இரவு இரண்டு மணி இருக்கும். பெட்டிக்குள் வைத்த தட்டில் ஏழெட்டுத் துகள்கள் மஞ்சளாக மின்னின. எனக்குக் கை நடுங்கியது. கிரானைட் உருகிக் குளிர்ந்த பாறை. அதில் மீன் ஏது, பாசி ஏது? அப்படியானால் இது அடியிலிருந்து வருகிறது! ரஷ்யர்கள் சொன்னது சரி! ஷிப்ட் அறிக்கையில் ‘ஷோ’ என்று எழுதிக் கரைக்கு அனுப்பிவிட்டேன்.

விடிந்ததும் மூத்த ஜியாலஜிஸ்ட் சார் வந்தார். கோபப்படவில்லை. ஒளிர்ந்த துகள் ஒன்றை இடுக்கியால் எடுத்து இரண்டாக உடைத்து, உடைந்த முகத்தை விளக்கில் காட்டினார். உள்ளே இருட்டு. மஞ்சள் ஒளி மேல்தோலில் மட்டும். அப்புறம் குழாய் மரைகளுக்குப் பூசுகிற கிரீஸ், ‘பைப் டோப்’ என்போம், அதில் ஒரு பொட்டு எடுத்துச் சுத்தமான கிரானைட் துண்டில் தேய்த்து உள்ளே வைத்தார். அதே மஞ்சள். சேற்றோடு மேலே வரும் கேஸின் அளவைக் குறிக்கும் வரைபடத்தையும் காட்டினார். அந்த ஆழத்தில் கோடு அசையவே இல்லை. “இதையெல்லாம் பார்த்துட்டு எழுதியிருக்கணும் தம்பி” என்றார். அவ்வளவுதான். அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. என் கையெழுத்துக்குக் கீழே அடித்தல் விழுந்ததைப் பார்த்தபோது இருந்த வலி இன்னும் நினைவிருக்கிறது.

ஒரு நாடே பெரும் செலவில் இதே சந்தேகத்தைச் சோதித்துப் பார்த்ததைப் பிற்பாடு படித்தேன். தாமஸ் கோல்ட் என்ற வானியலாளர், பல்சார்கள் சுழலும் நியூட்ரான் விண்மீன்கள் என்று சரியாகச் சொன்னவர், மீத்தேன் பூமியின் ஆழத்திலிருந்து ஏறி வருகிறது என்று உறுதியாக நம்பினார். அவர் பேச்சை மதித்து ஸ்வீடனில், பழைய விண்கல் மோதிய சில்யான் வட்டத்தில், 1986இல் கிரானைட்டுக்குள் துளையிடத் தொடங்கினார்கள். ஆறு கிலோமீட்டருக்கும் மேல் போனார்கள். விற்கும் அளவுக்கு எதுவும் வரவில்லை. கரிய களிம்பு கொஞ்சம் கிடைத்தது. துளையிடும்போது உள்ளே விட்ட டீசலும் எண்ணெயும்தான் அது என்றார்கள் மறுத்தவர்கள். அதைப் படித்த அன்று என் பைப் டோப் கண் முன்னால் வந்து நின்றது. ஆனால் கோல்டை நான் குறைவாக நினைக்கவில்லை. அந்தக் கிணற்றில் கண்டதை வைத்து அவர் 1992இல் எழுதிய கட்டுரை, பாறைக்குள் ஆழத்தில் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன என்ற பக்கம் பலரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அது உண்மை என்று பின்னால் தெளிவாகவே தெரிந்தது.

கிரானைட்டில் உண்மையிலேயே எண்ணெய் கிடைப்பதும் உண்டு. வியட்நாமின் பாக் ஹோ வயல் அப்படித்தான். நம் காவிரிப் படுகையில் மாதானத்திலும் விரிசல் விட்ட அடிப்பாறையில் எண்ணெய் இருக்கிறது. உயிரில்லாமலே எண்ணெய் உண்டானது என்கிற கட்சிக்காரர்கள் பாக் ஹோவை ஆதாரமாகக் காட்டுவார்கள். அங்கே எண்ணெயைப் பகுத்துப் பார்த்தால், பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும் பழைய ஏரிச் சேற்றுப் பாறையின் சாயல் அப்படியே இருக்கிறது. கிரானைட் அதற்கு வாடகை வீடு. பிறந்த வீடு வேறு.

சாயல் என்று சொன்னதை விளக்க வேண்டும், ஏனென்றால் என்னை மாற்றியது இதுதான். 1934இல் ஆல்பிரட் டிரைப்ஸ் என்ற ஜெர்மன் வேதியியலாளர் எண்ணெயில் போர்பைரின் என்ற மூலக்கூறுகளைக் கண்டார். இலைப் பச்சையத்தின் எலும்புக்கூடு அது. நடுவில் இருந்த மெக்னீசியம் போய் வனேடியம் உட்கார்ந்திருக்கிறது, கூடு மட்டும் மாறவில்லை. பிறகு பாக்டீரியாவின் சவ்விலிருந்து வந்த ஹோப்பேன், பாசி போன்றவற்றின் ஸ்டெரால்களிலிருந்து வந்த ஸ்டெரேன் என்று வரிசையாகக் கண்டார்கள். கார்பைடில் தண்ணீர் ஊற்றினால் அசெட்டிலின் வரும். பச்சையத்தின் கூடு வராது.

மாமாவுக்கு இதை வேறு மாதிரி சொன்னேன். மணக்குடிக் காயலிலும் ஏவிஎம் கால்வாயிலும் கதம்பை, அதாவது தேங்காய் மட்டை, அழுகப்போட்ட இடத்தில் காலை வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். வைக்காமல் இருப்பாரா? அடியில் கன்னங்கரேலென்ற சேறு, மிதித்தால் குமிழி, அழுகிய முட்டை நாற்றம். காற்று போகாத இடத்தில் உயிர்ப்பொருள் முழுசாக மக்காது. அப்படிப்பட்ட சேறுதான் தொடக்கம், மீன் இல்லை. கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களும் பாசியும்தான் பெரும்பங்கு. மேலே மண் விழுந்து விழுந்து அது இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழம் போக வேண்டும். அறுபது டிகிரியிலிருந்து நூற்றிருபது டிகிரி வரையான சூட்டில் பல லட்சம், பல கோடி ஆண்டு வேக வேண்டும். சூடு அதையும் தாண்டினால் கேஸ். இன்னும் மிஞ்சிப்போனால் கரிமம் கிராஃபைட்டாகிவிடும். நம் மாவட்டத்தில் கோண்டலைட் என்கிற பாறையை உடைத்தால் பளபளக்கும் கரிய செதில் தெரியுமே, அந்தக் கிராஃபைட்.

“அப்போ நம்ம பாறை தீஞ்சுபோன சோறாக்கும்” என்றார் மாமா. அதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க மாட்டேன்.

அவர் கார்பைடுக்கும் ஒரு பதில் இருந்தது. சுண்ணாம்பையும் கோக் கரியையும் மின் உலையில் சேர்த்து எரித்துத்தான் அந்தக் கல்லைச் செய்கிறார்கள். கோக் நிலக்கரியிலிருந்து வருகிறது, நிலக்கரி பழைய காட்டிலிருந்து. மாமா டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆனால் இதை வைத்து அவரை மடக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் கேள்வியின் பாதி சரி. சனிக்கோளின் டைட்டன் நிலவில் மீத்தேன் ஏரிகளே இருக்கின்றன, அங்கே பாசி எதுவும் செத்ததாகத் தெரியவில்லை. அட்லாண்டிக் அடியில் 2000இல் கண்ட ‘லாஸ்ட் சிட்டி’ ஊற்றுகளில் பாறையும் கடல்நீரும் சேர்ந்தே மீத்தேனை உண்டாக்குகின்றன. உயிரில்லாமல் ஹைட்ரோகார்பன் வரும். கிணறு கிணறாக நாம் இறைக்கும் எண்ணெய் அப்படி வந்ததற்குத்தான் சாட்சி இல்லை.

எனக்குக் கவலை வேறொன்று. அடியிலிருந்து ஊறிக்கொண்டே இருக்கிறது, வற்றவே வற்றாது என்று கேட்க எல்லோருக்கும் ஆசை. எனக்கும் அன்று இரவு அந்த ஆசைதான் கண்ணை மறைத்தது. இப்போது பெட்டியின் பக்கத்தில் ஒரு சின்னக் குப்பியில் பைப் டோப் வைத்திருக்கிறேன். ஷிப்ட் தொடங்கும்போது முதலில் அதை விளக்கில் காட்டி நிறத்தைக் குறித்துக்கொள்வேன். புதிதாக வரும் பிள்ளைகளையும் அப்படியே செய்ய வைக்கிறேன்.

இருட்டியதும் கிளம்ப எழுந்தேன். மாமா விடவில்லை. “செரி, அந்தச் சேறு இறுகிக் கல்லாச்சுன்னா, அதுக்குள்ள இருந்த எண்ணெய் எப்படி மக்கா வெளிய வந்துச்சு?”

ஆராய்ச்சியாளர்கள் நெடுநாள் சண்டை போட்ட கேள்வி அது. கார்பைடு டின்னை ஓரமாகத் தள்ளிவிட்டு மறுபடியும் உட்கார்ந்தேன்.