சாமிமலைக்குத் தீப்பெட்டி ஆகாது

நான் ஏலகிரிக்குப் போகாத வருஷம் இல்லை. போய் என்ன பார்த்தேன்? புங்கனூர் ஏரியில் படகு, கரையில் மிளகாய் பஜ்ஜி, அப்புறம் அதே 14 கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறக்கம். அவ்வளவுதான்.

இந்தத் தை மாதம் அதே ஏலகிரியின் உச்சியான சாமிமலை. காட்பாடியில் விடியற்காலை ரயில் பிடித்து ஜோலார்பேட்டை, அங்கிருந்து பொன்னேரி வழியாகப் பேருந்து. கூட மச்சான். முன்பு ஒருமுறை யாரையும் கேட்காமல் ஏறப்போய், பாதி வழியில் திட்டு வாங்கித் திரும்பியிருக்கிறோம். தப்பு எங்கள் பேரில்தான். 2018 மார்ச்சில் தேனி குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் கருகியதை மறக்க முடியுமா? 2024 அக்டோபரில் அரசு 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தபோது சாமிமலையும் அதில் வந்தது. ஆன்லைனில் பணம் கட்டினால் மலைக்காரத் தம்பி ஒருவர் கூடவே வருகிறார்.

ஏறும் முன்பே அவர் கையை நீட்டினார். "தீப்பெட்டி இருந்தா குடுத்துடுங்கண்ணா." மச்சான் முகம் சுருங்கியது, கொடுத்துவிட்டான்.

பலா மரங்கள் முடிந்ததும் காடு. காலுக்கடியில் சருகு அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஒரு திருப்பத்தில் கரையான் புற்று ஒன்று பக்கவாட்டில் குடையப்பட்டிருந்தது. உள்ளே மண் இன்னும் ஈரம், விளிம்பில் நான்கைந்து நகக் கோடுகள், சிதறிய கரையான்கள் வெயிலுக்கு ஓடிக்கொண்டிருந்தன. யாரோ கடப்பாரை போட்டிருக்கிறார்கள் என்றேன்.

"கரடிண்ணா. மேல்வரிசையில நடுப்பல்லு ரெண்டு கிடையாது அதுக்கு. அந்தச் சந்துல வாயை வச்சு உறிஞ்சிடும்."

எப்போது வந்தது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதுவரை மூச்சு வாங்கிய மச்சான் அதன்பிறகு எனக்கு முன்னால் நடந்தான்.

உச்சியில் காற்று சட்டையைப் பிடுங்கியது. கீழே ஜோலார்பேட்டைப் பக்கம் ரயில் ஒன்று மரவட்டை மாதிரி ஊர்ந்தது. கிழக்கே ஜவ்வாது மலை. அந்த மலைக்குள்தான் காவலூர் வானாய்வகமும் அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் இருக்கின்றன. நகர வெளிச்சம் எட்டாத இருட்டுக்காகவே அங்கே போய் வைத்தார்கள்.

தம்பிக்கு அதிலெல்லாம் மனம் போகவில்லை. சரிவில் காய்ந்து நின்ற புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல ஒரு பொறி போதும்ணா. அணைக்க நாங்கதான் தழை ஒடிச்சிக்கிட்டு ஓடணும்."

இறங்கியதும் தீப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். மச்சான் பேருந்து ஏறும் வரை அதைத் திறக்கவில்லை.