மாஸ்ரரின் கொப்பியில் என் பக்கம்

எங்களுக்குக் கூடைப்பந்து பழக்கிய மாஸ்ரர் காலமாகி ஒரு கிழமைக்குப் பிறகு அவருடைய மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். கோடு போட்ட கொப்பித் தாள். மேலே என் பெயர். நடுவில் அடிமட்டம் வைத்து இழுத்த கோடு. ஒரு பக்கம் 'உண்டு', மறுபக்கம் 'இல்லை'.

அந்தத் தாளை 1984 தை மாதத்தில் காதால் கேட்டிருக்கிறேன். போட்டிக்கு முதல் நாள், சுண்ணாம்புக் கோடு காயாத மைதானத்தில் எல்லோரையும் நிற்கவைத்து உரத்து வாசித்தார். எனக்குப் பதினாறு வயது, ஆறடி இரண்டங்குலம். கூடைக்கு அருகே ஆடும் சென்ரர் நான்தான் என்று நம்பியிருந்தேன்.

'உண்டு' பக்கத்தில் மூன்று: உயரம், பந்து ஒட்டும் கை, பந்து பறிபோனால் உடனே திரும்பி ஓடுவது. 'இல்லை' பக்கத்தில் ஐந்து. கூடையில் விழாமல் திரும்பும் பந்தை, ரீபவுண்டை, எடுத்ததும் இடுப்புக்கு இறக்குகிறான், கட்டையான பெடியன்கள் தட்டிப் பறிக்கிறார்கள். முழங்கால் மடியாது. பந்து எழும்பினால் பந்தைப் பார்க்கிறான், ஆளை முதுகால் அடைப்பதில்லை. எறிவதுபோலக் காட்டும் பொய்ச் சூட்டுக்குத் துள்ளி பவுல் வாங்குகிறான். இடக்கை இல்லை.

"உயரம் கொப்பரும் கொம்மாவும் தந்தது, தம்பி. மிச்சத்தை நீதான் தேடவேணும்."

அடுத்த நாள் என்னை வாங்கில் இருத்திவிட்டு, என் தோளளவு நின்ற ஒருவனைச் சென்ரராக இறக்கினார். ரீபவுண்ட் எல்லாம் அவன் கைக்கே போனது. நான் சப்பாத்து நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இளையவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். அப்போது சர்வதேச விதியில் கூடைக்குக் கீழுள்ள கட்டம் சரிவகம், அடிக்கோட்டில் ஆறு மீற்றர் அகலம். 2010 இல்தான் செவ்வகமானது. உள்ளே மூன்று செக்கனுக்கு மேல் நிற்க முடியாது என்பதால், சென்ரர் தள்ளி நின்று பந்து வாங்கி, காலால் வழி எடுத்து உள்ளே வரவேண்டும். கால் வராதவனுக்கு உயரம் உதவாது. மாஸ்ரர் கண்டது அதைத்தான்.

பிறகு ஐந்து மாதம் எனக்குத் தனிப் பயிற்சி. முதலில் கயிறு பாய்தல். பிறகு கூடைக்குக் கீழே நின்று வலக்கையால் ஒன்று, இடக்கையால் ஒன்று, ஐம்பது தரம். பந்து நெற்றிக்குக் கீழே வந்தால் மீண்டும் ஒன்றிலிருந்து.

ரொறன்ரோவுக்கு வந்து பல வருடங்களுக்குப் பிறகுதான் அதற்கு மைக்கன் பயிற்சி என்று பெயர் இருப்பது தெரிந்தது. சிக்காகோவின் டிபோல் பல்கலைக்கழகத்தில் 1942 இல் ரே மேயர் என்ற பயிற்றுநர், தடித்த கண்ணாடியும் தடுமாறும் காலுமாக வந்த ஜோர்ஜ் மைக்கனுக்குக் கயிறு பாயவும் நடனமாடவும்கூடப் பழக்கினார். மைக்கனைச் சமாளிக்க அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ 1951 இல் கட்டத்தை ஆறடியிலிருந்து பன்னிரண்டடியாக அகட்டியது. அந்தப் பயிற்சி எங்கள் மைதானம்வரை எப்படி வந்தது என்று மாஸ்ரரிடம் நான் கேட்கவேயில்லை.

இப்போது ஸ்கார்பரோவில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் பழக்குகிறேன். பதினான்கு வயதில் ஆறடி மூன்றங்குலம் வளர்ந்த ஒருவன் வருகிறான். பெற்றோர்கள் அவன் உயரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். நான் அவன் ரீபவுண்ட் எடுத்தபின் பந்து எங்கே போகிறது என்று பார்க்கிறேன். இடுப்புக்குப் போகிறது.

83 கலவரத்துக்குப் பிறகு வீட்டில் என்னை வைத்திருக்கப் பயந்தார்கள். இராணுவச் சுற்றிவளைப்பில் உயரமான பெடியன்தான் முதலில் கண்ணில் படுவான் என்று அம்மா இரவில் நித்திரை கொள்வதில்லை. 'உண்டு' பக்கத்தில் முதலாவதாக இருந்ததுதான் என்னை ஊரைவிட்டு அனுப்பியது.

படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். 'இடக்கை இல்லை' என்பதற்குப் பக்கத்தில், பென்சிலால், பின்னர் எழுதியது: 'வருகிறது. ஜூன் 8. செவ்வாயிலிருந்து நூறு தரம்.'

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்காகக் காத்திருந்தேன். போகிறேன் என்று மாஸ்ரரிடம் சொல்லவில்லை.