பேர்ஷேபாவில் அம்மச்சிக்கு ஒரு கோஷர் வீடு அமைத்த அனுபவம்

இஸ்ரேலில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு வரப்போகிற பெண்கள் என்னிடம் கேட்பதெல்லாம் சம்பளம், மொழி, விடுமுறை பற்றித்தான். வீட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மதக் கட்டுப்பாடு உள்ள யூதக் குடும்பத்துக்குப் போகிறீர்கள் என்றால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

எனக்கு மார்த்தாண்டம் பக்கம். நான் பார்த்துக்கொள்ளும் அம்மச்சி எர்ணாகுளத்தில் பிறந்தவர். 1950களின் நடுவில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது, சிறுமியாகப் பெற்றோருடன் வந்து நெவாதிம் என்ற விவசாயக் குடியிருப்பில் வளர்ந்தார். என்னோடு மலையாளத்தில்தான் பேசுவார். கணவர் இறந்த பிறகு அங்கே தனியாக இருக்க முடியவில்லை. மகள் தன் வீட்டருகே பேர்ஷேபாவில் ஒரு வாடகை வீடு பிடித்தார். பழைய வீட்டில் அம்மச்சிக்குக் கண் மங்கியது அவ்வளவு தெரியவில்லை, ஏனென்றால் எது எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும். புது வீட்டுக்கு வந்ததும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே யோசித்தார். சமையலறைப் பக்கம் போவதே இல்லை. "மோளே, அது என் அடுக்களை இல்லை" என்பார்.

சுவர் அலங்காரமோ மெத்தையோ இதைச் சரிசெய்யாது என்பது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. தன் வீட்டின் ஆசாரத்தைத் தன் கையாலேயே அவர் காக்க வேண்டும். யாரையும் கேட்காமல், யார் மீதும் சந்தேகப்படாமல். வீட்டை அதற்கேற்ப அமைப்பதுதான் என் வேலை என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் மெசூசா. கையால் தோலில் எழுதிய சிறு சுருள் அது. உபாகமம் 6, 11 அதிகாரங்களில் இருந்து இரண்டு பகுதிகள் அதில் இருக்கும். "இஸ்ரவேலே, கேள்" என்று தொடங்கும் வசனத்தை ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம் செய்தவள் நான். அது கதவு நிலையில் இருப்பதை முதன்முதலில் பார்த்தபோது மெய்சிலிர்த்தது. ஓர் எழுத்து சிதைந்தாலும் சுருள் செல்லாது. அதனால் பழைய வீட்டுச் சுருள்களை, சுருள் எழுதுபவரிடம் கொடுத்துச் சரிபார்த்த பிறகே மாட்டினார்கள். உள்ளே நுழையும்போது வலப்பக்கம், நிலையின் மேல் மூன்றில் ஒரு பங்கின் அடிப்பகுதியில் வரவேண்டும். குளியலறைக்கும் கழிப்பறைக்கும் கிடையாது. மருமகன் போலந்து வழிவந்த குடும்பம், அவர்கள் சாய்வாக மாட்டுவார்கள். ஆனால் இது மாமியார் வீடு என்று அம்மச்சியின் வழக்கப்படி நேராகவே மாட்டி ஆசீர்வாதம் சொன்னார். அம்மச்சியின் படுக்கை மமாடில், அதாவது ஏவுகணைத் தாக்குதலுக்காகக் கட்டிய கான்கிரீட் அறையில். அதன் நிலை எஃகு, துளை போடக்கூடாது. வலுவான ஒட்டுநாடா போட்டோம். அம்மச்சி ஒவ்வொரு அறைக்கும் நடைவண்டியோடு போய், கையை உயர்த்தித் தொட்டு, விரலை முத்தமிட்டுக்கொண்டார். வந்த நாளிலிருந்து அவர் வீடு முழுவதும் நடந்தது அன்றைக்குத்தான்.

இனி சமையலறை. இங்கேதான் நிதானம் வேண்டும். முன்பு குடியிருந்தவர்கள் கோஷர், அதாவது யூத உணவு விதிகள், பார்க்காதவர்கள். பாத்திரமும் தொட்டியும் எந்த வழியில் சுவையை உள்வாங்கியதோ அதே வழியில்தான் வெளிவிடும் என்பது அடிப்படை விதி. கொதிநீரில் ஏறியது கொதிநீரில் இறங்கும், நெருப்பில் ஏறியது நெருப்பில் இறங்கும். எல்லாவற்றையும் அழுக்குப் போகத் தேய்த்துவிட்டு, 24 மணி நேரம் சூடான எதற்கும் பயன்படுத்தாமல் விட்டோம். பிறகு குடும்பத்துக்குத் தெரிந்த ரப்பி (யூத மதகுரு) வந்து எஃகுத் தொட்டியிலும் கல் மேடையிலும் ஓர் இடம் விடாமல் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினார். ஓவன் அடுப்பை உச்ச சூட்டில் எரியவிட்டோம். பீங்கானுக்கு இந்தப் பரிகாரம் இல்லை, அங்கே கிடந்த பீங்கான் தட்டுகளை அப்புறப்படுத்தினோம். புதிதாக வாங்கிய உலோக, கண்ணாடிப் பாத்திரங்களை அம்மச்சியின் மகன் பாத்திர மிக்வேயில், அதாவது பாத்திரங்களைச் சடங்குப்படி முக்கும் நீர்த்தொட்டியில், முக்கி எடுத்து வந்தார். அதற்கு முன் விலைச்சீட்டின் பசையைக்கூட எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். தண்ணீருக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் எதுவும் இருக்கக்கூடாது.

இறைச்சிக்கு ஒரு வரிசை, பாலுக்கு ஒரு வரிசை. ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே என்று யூத வேதமான தோரா மூன்று இடங்களில் சொல்கிறது, அதிலிருந்து வந்த பிரிவு இது. இங்கே பலர் இறைச்சிக்குச் சிவப்பு, பாலுக்கு நீலம் என்று நிறத்தால் பிரிப்பார்கள். அம்மச்சிக்கு நிறம் உதவாது. பால் பாத்திரங்களின் கைப்பிடி ஒவ்வொன்றிலும் தடித்த ரப்பர் வளையம் மாட்டினேன். இறைச்சிக் கரண்டிகள் வழவழப்பாகவே இருந்தன. நெவாதிமில் இருந்தபடியே இறைச்சி அடுப்புக்கு வலது, பால் இடது. தொட்டி ஒன்றுதான் இருந்ததால் இரண்டு பேசின் வைத்து, பால் பேசினின் விளிம்பில் கயிறு சுற்றினேன். சில நாட்கள் கழித்து அவரே இழுப்பறையைத் திறந்து, தடவிப் பார்த்து, "இது பாலுக்கு" என்று தயிருக்குக் கரண்டி எடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நம்மைப் போன்றவர்களுக்கு மிக முக்கியமான விஷயம் இதுதான்: யூதரல்லாதவர் தனியாகச் சமைத்தால் அந்த உணவை அவர்கள் சாப்பிட மாட்டார்கள். பச்சையாகவே சாப்பிடக்கூடிய பொருள்களுக்கு இந்தத் தடை இல்லை. ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி வீடுகளில் யூதர் ஒருவர் நெருப்பைப் பற்றவைத்தால் போதும். அம்மச்சி ஸ்பெயின் வழி யூதர்களின் செஃபார்தி முறையைப் பின்பற்றுபவர், பானையை அடுப்பில் அவர்தான் வைக்க வேண்டும். கையில் நடுக்கம், பானை கனம். அதற்காக நாற்காலியில் இருந்தே எட்டும் உயரத்தில் ஒரு மின்னடுப்பும், அதே மட்டத்தில் பக்கத்தில் ஒரு பலகையும் வைத்தோம். நான் நறுக்கி, அரைத்து, பானையைப் பலகையில் வைப்பேன். அவர் அடுப்பின் மேல் நகர்த்துவார், ஒரு கிளறு கிளறுவார். கோழிக்குழம்புக்குத் தேங்காய்ப்பால்தான். பால் சேர்க்காமலே கெட்டியாக வரும், கொச்சிச் சமையலுக்கு அது ஒரு வரம். உப்பு பார்ப்பதும் அவர்தான். தயவுசெய்து இந்த வேலையை அவர்களிடமிருந்து பிடுங்காதீர்கள். சீக்கிரம் முடியட்டும் என்று நீங்களே அடுப்பில் ஏற்றினால், அன்றைய சாப்பாடு மட்டும் போகாது, உங்கள் மேலுள்ள நம்பிக்கையும் போகும்.

வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வுநாளான ஷபாத்துக்கு வெள்ளி மதியத்துக்குள் எல்லாம் தயாராக வேண்டும். பிளாட்டா என்னும் சூடு தட்டில் உணவு, வெந்நீர் உருளி, விளக்குகளுக்கு நேரக்கருவி, முன்கூட்டியே இறக்கி வைத்த தேயிலைச் சாறு, கிழிக்கத் தேவையில்லாத தாள். குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கும் விளக்கைக் கழற்றிவிட வேண்டும். ஷபாத்துக்கான இரண்டு ஹல்லா ரொட்டிகளைத் துணியால் மூடி வைப்பேன். திராட்சை மது காய்ச்சியதா என்று பார்த்து வாங்குங்கள். காய்ச்சாததை நாம் ஊற்றினால் அவர்கள் குடிக்க மாட்டார்கள். எனக்கு எது செய்யலாம், எது கூடாது என்று ரப்பியிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். நோயாளிக்கான சலுகைகள் நிறைய உண்டு. அவசர அழைப்புப் பொத்தானை அழுத்த அம்மச்சி முதலில் தயங்கினார். உயிர் காப்பது ஷபாத்தைவிட மேல் என்று ரப்பியே அவர் முகத்தைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

சூரியன் மறைய குறைந்தது 18 நிமிடம் இருக்கும்போதே விளக்கேற்றிவிட வேண்டும். அவர் அம்மா காலத்துத் தொங்கும் பித்தளை விளக்கை இந்தக் கூரையில் மாட்ட வழியில்லை. தாழ்வான மேசையில் உலோகத் தட்டு வைத்து, திரைச்சீலைக்கு எட்டாத தூரத்தில், இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களில் எண்ணெயும் திரியும் போட்டுக் கொடுத்தேன். ஏற்றிய விளக்கை அணைக்கக்கூடாது. ஆகவே தூங்கப் போகும் நேரத்துக்குத் தானே அணையும் அளவுக்கு எண்ணெயை அளந்து ஊற்றுகிறேன். நீளமான தீக்குச்சி வாங்கி வையுங்கள், நடுங்கும் கைக்கு அதுதான் பாதுகாப்பு.

இப்போது ஹனுக்கா என்னும் விளக்குப் பண்டிகை முடிந்து, பெசாக், அதாவது புளித்த மாவை விலக்கும் பஸ்கா பண்டிகைக்கான வேலை தொடங்கிவிட்டது. மற்ற வீடுகளில் இவ்வளவு முன்னதாகத் தொடங்க மாட்டார்கள். கொச்சியில் கிணற்றையே இறைத்துக் கழுவி, அரிசியை மணி மணியாகப் பொறுக்குவார்களாம். அஷ்கெனாசிகள் பெசாக்கில் அரிசி தொடுவதில்லை, கொச்சிக்காரர்கள் சாப்பிடுவார்கள். ஆனால் அதில் ஒரு கோதுமை மணிகூட இருக்கக்கூடாது. அரிசியை வெள்ளைத் துணியில் பரப்பி நான் பொறுக்குகிறேன், மகளும் சாயங்காலம் வந்து உட்காருகிறார். மிளகாய், மல்லி வாங்கித் தனியாக வறுத்து அரைக்க ஒரு புது மிக்ஸி வேண்டும் என்று அம்மச்சி சொல்லியிருக்கிறார். அதை எந்த அலமாரியில் வைப்பது என்பதையும் அவரே முடிவு செய்துவிட்டார்.