மகளின் பெயரில் ஒரு வீடு

எங்கள் மகளுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். மோட்டார் வைத்த சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். பேச்சு நிதானமாக வரும், புதியவர்களுக்குப் பிடிபடக் கொஞ்ச நேரமாகும். கணக்கெழுதும் வேலையை வீட்டிலிருந்தே செய்து சம்பாதிக்கிறாள். தனக்கென்று ஒரு வீடு வேண்டும் என்று அவள் கேட்டு, வாங்கி, குடியும் போய்விட்டாள். இதே யோசனையில் இருக்கும் பெற்றோருக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் எழுந்த கேள்வி, யார் பெயரில் வாங்குவது என்பது. "உங்க பேர்ல வாங்கிடுங்க, அவ இருந்துட்டுப் போகட்டும்" என்றுதான் சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். அக்கறையில் சொன்னதுதான். ஆனால் என் பெயரில் இருந்தால் என் காலத்துக்குப் பிறகு அது வாரிசுச் சொத்து. அவள் தம்பி தங்கமான பிள்ளை. இருந்தாலும், அவள் தலைக்கு மேலே உள்ள கூரை இன்னொருவரின் நல்ல மனதை நம்பி நிற்கக் கூடாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றி ஐ.நா. 2006-ல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, சொத்து வைத்திருக்கவும், வாரிசாகப் பெறவும், வங்கிக் கடன் பெறவும் அவர்களுக்குச் சம உரிமை உண்டு என்கிறது. உலகத்தின் பெரும்பாலான நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. எங்களுக்கு அது பெரிய தெம்பு.

பண விஷயங்களைத் தனியாக முடிவு செய்வது சிரமமான பிள்ளைகளுக்கு வழி வேறு. அறக்கட்டளை மாதிரி ஏற்பாட்டில் வீட்டை வைப்பது, சட்டப்படி ஒரு காப்பாளரை நியமிப்பது என்று நாட்டுக்கு நாடு மாறும். இதே வேலையைச் செய்து பழகிய வக்கீலைத் தேடிப் போங்கள். இன்னொன்று, அரசு உதவித்தொகை வாங்குகிறவர்கள் பணத்தைக் கைமாற்றுவதற்கு முன்பே விசாரித்துவிட வேண்டும். உதவித்தொகைக்குத் தகுதி பார்க்கும்போது குடியிருக்கும் வீட்டைச் சொத்துக் கணக்கில் சேர்க்காத இடங்களில்கூட, வங்கிக் கணக்கில் கிடக்கும் பணத்தைச் சேர்ப்பதுண்டு. நாங்கள் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டுதான் எங்கள் பங்கைக் கொடுத்தோம்.

வீடு தேடும் படலத்தில் எங்களோடு எப்போதும் வந்தது அளவு நாடா. "வீல்சேர் தாராளமாப் போகும்" என்று தரகர் சொல்வதை நம்பிப் பயனில்லை. கதவைத் திறந்து வைத்து, நடுவில் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். நிலையின் அகலம் 90 செ.மீ. இருந்தாலும் கதவுப் பலகையின் கனம் அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். இடைவெளி 80 செ.மீ.க்குக் குறைந்தால் விரல் முட்டி இடிபடும். நாற்காலி முழுவட்டமாகத் திரும்ப 150 செ.மீ. வேண்டும். லிஃப்டின் உள்ளே 110 செ.மீ. அகலமும் 140 செ.மீ. ஆழமும் இருந்தால் அவளும் உதவியாளரும் சேர்ந்து போகலாம். வாசலில் 15 செ.மீ. உயரப் படி இருந்தால் சாய்தளம் 180 செ.மீ. நீள வேண்டும், 1-க்கு 12 என்பது கணக்கு. அதற்கு இடம் இல்லாத வீடுகளை வாசலோடு விட்டுவிட்டு வந்தோம்.

பாத்ரூமில்தான் பல வீடுகள் தோற்றன. உள்பக்கம் திறக்கும் கதவு ஆபத்து. அவள் விழுந்து கதவை அடைத்துக்கொண்டால் வெளியிலிருந்து யாரும் திறக்க முடியாது. அதை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றலாம், பெரிய செலவில்லை. கைப்பிடி மாட்டும் சுவர் மெல்லிய தடுப்பாக இருந்தால் ஆள் பாரம் தாங்காது, பின்னால் பலகை கொடுத்தாக வேண்டும். சுவரைத் தட்டிப் பாருங்கள்.

வங்கி எனக்கு மனவருத்தம் தந்த இடம். அதிகாரி கேள்வியை என்னிடம் கேட்டார், பதிலை அவள் சொன்னாள், அடுத்த கேள்வியும் என்னிடமே வந்தது. அடுத்த முறை அவளே முன்கூட்டி மின்னஞ்சல் அனுப்பினாள்: தன் பேச்சு மெதுவாக இருக்கும், நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள், தன்னிடமே பேசுங்கள் என்று. நான் அவளுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அந்த ஒரு மாற்றம் நிறைய வேலை செய்தது. ஆனாலும் அங்கே லோன் மறுக்கப்பட்டது. காரணத்தை எழுதித் தரச் சொன்னோம், தரவில்லை. வேறு வங்கியில் அவளுடைய வருமானச் சான்றுகளை மட்டும் பார்த்துக் கொடுத்தார்கள்.

கையெழுத்து விஷயத்தை முன்பே பேசிவிடுங்கள். அவளுக்கு ஒருமுறை போட்ட மாதிரி மறுமுறை வராது. சாட்சிகளோடு கைரேகை வைக்கலாமா, என்ன சான்று தேவை என்று வங்கியிலும் பதிவு அலுவலகத்திலும் முன்னதாகவே கேட்டு வைத்தோம். உடல் அசைவில்தான் சிரமம், முடிவெடுப்பதில் குறையில்லை என்ற டாக்டர் கடிதமும் கையில் இருந்தது. பத்திரம் எழுதும் நாளில் ஒரு தடங்கலும் வரவில்லை.

வாங்குவதற்கு முன் சில மாதங்கள் அவள் வாடகை வீட்டில் உதவியாளரோடு இருந்து பார்த்தாள். இதை எல்லாருக்கும் வற்புறுத்திச் சொல்வேன். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஆள் வேண்டும், இரவில் வேண்டுமா என்பதெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. லோன் ஒருநாள் அடைந்துவிடும், உதவியாளர் சம்பளம் ஆயுள் முழுக்க உண்டு. அதைக் கழித்துவிட்டுத்தான் எவ்வளவு லோன் வாங்கலாம் என்று முடிவு செய்தோம். உதவியாளர் தங்க ஒரு சின்ன அறை வேண்டும் என்பதும் அந்த மாதங்களில் தெரிந்ததுதான்.

பொது வாசலில் சாய்தளம் போடக் குடியிருப்போர் சங்கத்தின் அனுமதியை, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்கினோம். அப்புறம் உயில். எங்களுடையதைத் திருத்தினோம், அவளும் தனக்கு ஒன்று எழுதி வைத்தாள். சமையல் மேடையைத் தாழ்த்தி, முழங்கால் உள்ளே போகும்படி அடியில் இடம் விடும் வேலை மட்டும் பாக்கி இருக்கிறது. அதற்கான ஆளை அவளே தேடிக்கொண்டிருக்கிறாள்.