வழக்காடாமல் பிரிந்தோம்

எங்கள் விவாகரத்து நீதிமன்றச் சண்டை இல்லாமல் முடிந்ததைக் கேட்பவர்கள், “இரண்டு பேரும் நல்லவர்கள், அதனால்தான்” என்கிறார்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கப் பிடிக்காத நிலையில்தான் நாங்கள் பேச உட்கார்ந்தோம். எங்களைக் கட்டுப்படுத்தியது, முதல் சந்திப்பில் கையெழுத்திட்ட ஒப்பந்தம். பேச்சு முறிந்து யாராவது வழக்குத் தொடுத்தால் இரு தரப்பு வக்கீல்களும் விலகிவிட வேண்டும். பிறகு புது வக்கீல், புதுக் கட்டணம், பழைய கதை முழுவதும் மறுபடியும்.

ஆளுக்கொரு வக்கீலோடு உட்கார்ந்து, வழக்காடாமல் பேசியே முடிக்கும் இந்த முறைக்கு கொலாபரேட்டிவ் டிவோர்ஸ் என்று பெயர். இதை 1990இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஸ்டூவர்ட் வெப் என்ற வக்கீல் தொடங்கினார். மத்தியஸ்தம் என்றால், நடுவில் இருக்கும் மத்தியஸ்தர் யார் பக்கமும் பேசமாட்டார். இதிலோ எனக்கென்று ஒரு வக்கீல் அருகிலேயே இருந்தார். நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம்.

சொத்து, கடன், சேமிப்பு எதையும் மறைக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. இருவருக்கும் பொதுவான நிதி ஆலோசகர் கணக்குகளை விரித்தபோது, எனக்குத் தெரியாமல் கணவர் வாங்கியிருந்த கடன் வெளியே வந்தது. “வழக்கே போடுகிறேன்” என்று எழுந்துவிட்டேன். என் வக்கீல் தடுக்கவில்லை. “தாராளமாகப் போடலாம். ஆனால் நான் உங்களோடு வர முடியாது” என்றார். உட்கார்ந்தேன். கோபம் தணிந்துவிடவில்லை, புது வக்கீல், புதுக் கட்டணம் என்ற கணக்குதான் புரிந்தது. அந்தக் கடனை முழுவதும் கணவர் பங்கில் எழுத எதிர்த்தரப்பு வக்கீலே ஒப்புக்கொண்டார்.

மகளிடம் குழந்தைகள் நல ஆலோசகர் தனியாகப் பேசினார். நாங்கள் இருவரும் வாசலில் நின்று அவளைக் கைமாற்றுவதுதான் அவளுக்குப் பயமாம். ஒருவர் பள்ளியில் விடுவது, மற்றவர் மாலையில் அழைத்துக்கொள்வது என்று எழுதிக்கொண்டோம். வக்கீல்கள் இருவருக்கும் தோன்றாத யோசனை!

செலவு குறைவு என்று சொல்லமாட்டேன். ஆளுக்கொரு வக்கீல், அதற்கு மேல் ஆலோசகர்கள். பிரிக்கப் பெரிதாக எதுவும் இல்லாதவர்களுக்கு மத்தியஸ்தமே போதும். அடி உதைக்குப் பயந்து வாழ்ந்தவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். பயந்தவரால் அந்த மேசையில் வாய் திறக்க முடியாது. துணிந்து பொய்க் கணக்குக் காட்டுபவரிடமும் இது செல்லாது. ஆவணங்களைக் கொண்டுவா என்று உத்தரவிட அங்கே நீதிபதி இல்லை.

நீதிபதியிடம் கடைசியில்தான் போனோம், எழுதி முடித்த உடன்படிக்கையோடு. ஜீவனாம்சம், வீடு, பள்ளிக் கட்டணம் எல்லாம் அதில் இருந்தன. அவர் ஏற்றுக்கொண்ட பிறகே விவாகரத்து சட்டப்படி செல்லுபடியானது.