சிஏபிஎஃப் ஏசி எக்ஸாம்: பார்டர் ஃபோர்ஸோட பயிற்சி, பொறுப்புக்கூறல் டாபிக்க எப்படி படிக்கலாம்

யூபிஎஸ்சி நடத்துற சிஏபிஎஃப் (மத்திய ஆயுதப்படை போலீஸ்) அசிஸ்டன்ட் கமாண்டன்ட் எக்ஸாமுக்கு படிக்கிற தம்பி தங்கச்சிங்க, "எஸ்ஸேல மனித உரிமை வந்தா என்ன எழுதுறது, இன்டர்வியூல கேட்டா எந்தப் பக்கம் பேசுறது"ன்னு கேட்டுட்டே இருக்கீங்க, அதனால நான் படிச்ச விதத்த சொல்றேன். பேப்பர் 1-க்கு மெட்டீரியல் கொட்டிக் கிடக்கு, அத விடுங்க. பேப்பர் 2-ல எஸ்ஸேக்கு மட்டும் 80 மார்க், இன்டர்வியூ 150, இந்த டாபிக் ரெண்டுலயும் கை கொடுக்கும்.

இந்த எக்ஸாம்ல வர்ற அஞ்சு ஃபோர்ஸையும் மேலோட்டமா பாக்குறதுக்கு பதிலா பிஎஸ்எஃப், அதாவது எல்லைப் பாதுகாப்புப் படை, ஒண்ண ஆழமா எடுங்க. 1965 வரைக்கும் பாகிஸ்தான் எல்லைய மாநில ஆயுதப்படை போலீஸ்தான் பாத்துட்டு இருந்தாங்க, அந்த வருஷம் ஏப்ரல்ல குஜராத் கட்ச்ல சர்தார் போஸ்ட்ங்கிற எல்லைக் காவல் முகாம பாகிஸ்தான் தாக்கின பிறகு அது போதாதுன்னு ஆகி டிசம்பர் 1-ல பிஎஸ்எஃப் உருவாச்சு. அதாவது போர் வந்தா மொத வரிசையில நிக்கணும், மத்த நாள்ல கடத்தல்காரனையும் வேலி தாண்டி வர்ற ஏழையையும் சட்டப்படி கையாளணும். ஒரே ஜவானுக்கு ரெண்டு விதமான வேலை, பயிற்சியோட சிக்கலே இங்கதான் இருக்கு, எஸ்ஸேய இங்க இருந்து ஆரம்பிச்சா தானா ஓடும்.

அடுத்து 1968 பிஎஸ்எஃப் சட்டத்த கோச்சிங் நோட்ஸ்ல படிக்காம நேரா சட்டத்தையே எடுத்து படிங்க. பிரிவு 139-ல சோதனை போட, பறிமுதல் பண்ண, கைது பண்ண அதிகாரம் கொடுக்க வழி இருக்கு, 2021 அக்டோபர்ல பஞ்சாப், மேற்கு வங்கம், அசாம்ல இந்த அதிகாரம் எல்லையில இருந்து உள்ள எவ்வளவு தூரம் செல்லும்ங்கிறத 15 கிலோமீட்டர்ல இருந்து 50 ஆக்குனாங்க, குஜராத்ல 80-ல இருந்து 50-ஆ குறைச்சாங்க, இந்த குறைச்சத நிறைய பேர் எழுதவே மாட்டாங்க. ஆனா புலனாய்வு பண்றது லோக்கல் போலீஸ்தான், பிடிச்சவங்கள அவங்ககிட்டதான் ஒப்படைக்கணும். அப்புறம் பிரிவு 47, ஜவான் 'ஆக்டிவ் டியூட்டி'யில இருக்கும்போது அவரால ஒரு சிவிலியன் கொல்லப்பட்டா அத பாதுகாப்புப் படையோட சொந்த கோர்ட்டே விசாரிக்க முடியும்.

இது நடைமுறையில எப்படி இருக்கும்னு புரிய ஃபெலானி கேஸ் படிங்க. 2011 ஜனவரி 7, ஃபெலானிங்கிற வங்கதேசத்து 15 வயசுப் பொண்ணு அப்பாவோட இந்தியாவுல இருந்து எல்லை வேலி தாண்டி சொந்த ஊருக்குப் போகும்போது துணி கம்பியில மாட்டி, பிஎஸ்எஃப் சுட்டதுல செத்து, உடம்பு மணிக்கணக்கா வேலியிலயே தொங்குச்சு. படையோட கோர்ட் 2013-ல ஜவான விடுதலை பண்ணுச்சு, மறுபரிசீலனை பண்ணி 2015-ல மறுபடியும் விடுதலை. தேசிய மனித உரிமை ஆணையம் குடும்பத்துக்கு 5 லட்சம் கொடுக்கச் சொல்லி பரிந்துரைச்சாங்க, பரிந்துரை மட்டும்தான், அதோட 1993 மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தோட பிரிவு 19 படி ஆயுதப்படைனா ஆணையம் மத்திய அரசுகிட்ட அறிக்கை கேக்கலாம், நேரா விசாரிக்க முடியாது. இந்தக் கேஸ படிச்சப்போ எனக்கு மனசு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, யூனிஃபார்ம் போடணும்னு ஆசப்படுற ஒவ்வொருத்தரும் இத தெரிஞ்சுக்கணும்னு உறுதியா நினைக்கிறேன்.

பெரும்பாலும் எல்லாரும் பொறுப்புக்கூறல்னா தப்பு செஞ்ச ஜவானுக்கு தண்டனைன்னு எழுதிட்டு போயிடுறாங்க. ஆனா நீங்க சேரப்போறது ஜவானா இல்ல, ஆபீசரா. துப்பாக்கி பயன்பாடு பத்தி 1990-ல ஹவானால ஐநா கொண்டுவந்த அடிப்படைக் கொள்கைகள்ல 24-வது, கீழ இருக்கவங்க சட்டவிரோதமா பலம் பயன்படுத்துறது தெரிஞ்சும், இல்ல தெரிஞ்சிருக்க வேண்டிய இடத்துல இருந்தும், தடுக்காத மேலதிகாரியும் பொறுப்புன்னு சொல்லுது. 18-ல இருந்து 20 வரைக்கும் பயிற்சி பத்தி, ஆயுதம் கையில கொடுக்கும் முன்னாடி தனிப் பயிற்சி முடிச்சிருக்கணும், பேசி சமாளிக்கிறதும் அந்தப் பயிற்சியில இருக்கணும்னு வரும்.

மாக் இன்டர்வியூல எங்கள கேட்டது, "நைட்டு ரெண்டு மணி, மாடு கடத்துற கும்பல் உங்க ஆள நோக்கி கல்லு வீசுது, என்ன பண்ணுவீங்க?" எச்சரிக்கை, பம்ப் ஆக்‌ஷன் கன் மாதிரி உயிர் போற வாய்ப்பு குறைவான ஆயுதம், உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் குண்டு, இது வரைக்கும் எல்லாரும் சொல்லிடுவாங்க. அதோட நிறுத்தாதீங்க, அடிபட்டவங்களுக்கு மொதல்ல ஆஸ்பத்திரி, சுட்ட ஒவ்வொரு ரவுண்டுக்கும் கணக்கு, இடத்த கலைக்காம வச்சிருந்து லோக்கல் ஸ்டேஷனுக்கு தகவல், மேல ரிப்போர்ட், அடுத்த நாளே அந்த டீமோட உக்காந்து எங்க வேற மாதிரி செஞ்சிருக்கலாம்னு பேசுறதுன்னு சொல்லுங்க, போர்டு அடுத்த கேள்விய அங்க இருந்துதான் எடுப்பாங்க, அதுக்கு பிரிவு 139 வரி வரியா தெரிஞ்சிருக்கணும்.